வில்லைக் கீழே வைத்த கலைஞர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் ஓர் இலக்கியவாதியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நம் செயலாளர் எதிர்பார்த்திருப்பார். ஒரு செல்லோக் கலைஞரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "ஐயா, செல்லோ என்றால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

செல்லோ, வயலினுக்கு அண்ணன் முறை. தோளில் ஏந்தி வாசிக்கக்கூடிய உருவமன்று அது. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அடியிலுள்ள ஊசிக்காலைத் தரையில் ஊன்றி, வில்லைக் குறுக்கே இழுத்து வாசிக்கவேண்டும். தந்திகள் நான்கு. ஆண்குரலின் அடிமந்தரத்திலிருந்து பெண்குரலின் உயரம்வரை எட்டக்கூடியது. மேலை இசையில் மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது எது என்று கேட்டால், பலரும் இதைத்தான் சுட்டுவர்.

இக்கருவியை நீங்கள் பார்த்திராமலிருக்கலாம். கேட்காதவர் இந்த அவையில் ஒருவரும் இல்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்த நாள்முதல், நம் பண்ணைப்புரத்துக்காரரின் பாடல்கள் இப்பள்ளத்தாக்கின் தேநீர்க்கடைகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் வரும் இடையிசையில், வயலின்கள் மேலே பறந்துகொண்டிருக்க, அவற்றின் கீழே கனத்த குரலொன்று தன்பாட்டில் நகர்ந்து செல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் செல்லோ. அதை வாசித்தவர் யார் என்று ஒலிநாடா உறையில் தேடி நான் ஏமாந்திருக்கிறேன். திரையிசைக்கூடத்தின் வாத்தியக்காரர்களுக்குப் பெயர் போடும் வழக்கம் அன்று அரிதினும் அரிது. சென்னையில் வி.எஸ். நரசிம்மன் அமைத்த 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழு, கீர்த்தனைகளை மேலை இசையமைப்பில் வாசித்தபோதுதான், அதில் செல்லோ வாசிப்பவர் வி.ஆர். சேகர் என்று ஒரு பெயரை என்னால் சுட்டிச் சொல்ல முடிந்தது.

நான் பேச வந்தவரிடம் என்னைக் கொண்டுசென்றதும் பண்ணைப்புரம்தான். இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டு, அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதிலுள்ள ஒரு பகுதியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று வரும். பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு வந்துபோன இந்தப் பாக் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடிய இடத்தில், பாக்கைப் பழைய கடையொன்றில் சந்தித்த இன்னொரு சிற்றூர்ச் சிறுவன் எதிர்ப்பட்டான். அவன்தான் பாப்லோ கசால்ஸ்.

பாப்லோ என்பது ஸ்பானிய மொழி வழக்கு. அவர் தாய்மொழியான கத்தலானில் அப்பெயர் 'பாவ்'. அதையே அவர் விரும்பினார். அம்மொழியில் 'பாவ்' என்ற சொல்லுக்கு அமைதி என்றும் பொருள் உண்டு. 1876 டிசம்பர் 29-இல், ஸ்பெயினின் கத்தலோனியப் பகுதியிலுள்ள எல் வெந்திரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். நம் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம்போலத் திராட்சை விளையும் மண் அது. தந்தை ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வருவாய் சொற்பம். வீட்டில் பிள்ளைகள் பலர்.

ஒரு நாள் ஊருக்கு வந்த நாடோடி இசைக்காரர்களில் ஒருவன், துடைப்பக் கம்பில் நரம்பு கட்டி வாசித்ததைப் பையன் பார்த்துவிட்டு, அதையே பேசிக்கொண்டு திரிந்தான். தந்தை ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து, அதில் ஒற்றைத் தந்தி பூட்டி, மகனுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார். வீணையின் சுரைக்குடத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. உலகப் புகழ் பெற்ற பின்னும் கசால்ஸ் அந்தச் சுரைக்குடுக்கையை எறிந்துவிடவில்லை. அவர் கட்டிய கடற்கரை வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. குடுக்கையும் அங்கே இருக்கிறது.

பதினொரு வயதில் உண்மையான செல்லோவை முதன்முறை கேட்டான். அதன்பின் வேறெதுவும் வேண்டாம் என்றான். தந்தைக்கோ, பையன் தச்சு வேலை கற்றால் கஞ்சிக்கு வழியுண்டு என்ற எண்ணம். தாய் பிலார் உடன்படவில்லை. 1888-இல் மகனைக் கையோடு பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்று இசைப்பள்ளியில் சேர்த்தார். வரலாற்றில் இத்தகைய தாய்மார் எத்தனை பேர்! அவர்களைப் பற்றித் தனியே ஒரு மலர் போடலாம். வட்டம் இதைக் கவனிக்கவேண்டும்.

அக்காலத்துச் செல்லோ மாணவர்கள், வில்பிடிக்கும் கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பயிலவேண்டும். புத்தகம் விழாமல் வாசிப்பதே ஒழுங்கு எனப்பட்டது. கசால்ஸ் புத்தகத்தை விழவிட்டார். கையைத் தோளிலிருந்து விடுவித்தார். இடக்கையை ஒவ்வொரு சுரத்துக்கும் தாவவிடாமல், விரல்களை அகட்டி எட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் செல்லோ வாசிக்கப்படும் முறைக்கு, அந்தப் பதின்வயதுப் பையனின் அடங்காமை பெரும் காரணம்.

1890-இல், பதின்மூன்று வயதில், துறைமுகத்தருகே பழைய இசைத்தாள்கள் விற்கும் கடையொன்றில், பாக் எழுதிய ஆறு தனிச்செல்லோத் தொகுதிகள் அவன் கையில் கிடைத்தன. 1720-ஐ ஒட்டி எழுதப்பட்டவை அவை. ஒவ்வொன்றிலும் ஒரு முன்னிசையும் ஐந்து நடன இசைகளும் உண்டு. பக்கவாத்தியம் கிடையாது, ஒற்றைச் செல்லோ மட்டுமே. அவற்றை அறிந்தவர்கூட நம் சரளிவரிசை, அலங்காரம்போல விரற்பயிற்சிக்குரியவை என்றுதான் கருதினர். மேடையேற்றினால் ஒரு துண்டை மட்டும் வாசித்துவிட்டு நகர்வார்கள்.

இவ்விடத்தில் நம் உ.வே.சா. நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-இல். பார்சிலோனாச் சிறுவன் பாக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்து. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஐயரவர்கள் ஏட்டில் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தார். கசால்ஸ் கண்டதோ ஏற்கெனவே அச்சான நூல். அச்சாகியும் அது உயிரற்றுக் கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதை நாள்தோறும் தனியே வாசித்துப் பார்த்த பிறகே, ஒரு தொகுதியை முழுமையாக அவைமுன் வாசிக்கத் துணிந்தார். எழுதிய மையுலருமுன் கவிதையை இதழுக்கு அனுப்பிவிடும் நம் இளைய நண்பர்கள் இந்தப் பன்னிரண்டைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும். (மூத்தவர்களும்தான், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

அவர் புகழேறிய கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். புகழின் கதை எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. 1899-இல் பாரிஸில் லாமுரோ இசைக்குழுவோடு வாசித்தார். அதே ஆண்டு விக்டோரியா அரசியின் முன் வாசித்தார். 1904-இல் அமெரிக்க வெள்ளை மாளிகை. இடையில் 1901-இல், சான்பிரான்சிஸ்கோ அருகே மலையேறும்போது பாறையொன்று உருண்டு அவருடைய இடக்கை விரல்களை நசுக்கியது. அந்த நொடியில் தம் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், இனி செல்லோ வாசிக்கவேண்டாம் என்ற நிம்மதியே என்று பின்னாளில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கலை என்பது இன்பம் மட்டுமே என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கேட்கவேண்டும். விரல் குணமாயிற்று, சுமையும் திரும்பியது.

1920-இல் பார்சிலோனாவில் சொந்தமாக ஓர் இசைக்குழு அமைத்தார். ஆனால் அரங்குக்கு வந்தவர்கள் வசதி படைத்தவர்கள். ஆகவே 1926-இல் தொழிலாளர் இசையரங்குச் சங்கம் ஒன்று உருவாகத் துணைநின்றார். குறைந்த கூலி பெறுவோர் மட்டுமே அதில் உறுப்பினராகலாம், சந்தா சொற்பம், நிருவாகம் தொழிலாளர் கையில். ஞாயிறு காலையில் அவர்களுக்காகவே முழு இசைக்குழுவும் வாசித்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் ஆர்மோனியத்தோடு பாடிய பாவலர் வரதராசனையும் அவர்தம் தம்பியரையும் அறிந்த இப்பள்ளத்தாக்கு, இதைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டாது. ஒரு வேறுபாடு மட்டும். பாவலர் தொழிலாளியின் பாட்டைத் தொழிலாளிக்குப் பாடினார். கசால்ஸ், அரசர்கள் கேட்ட அதே பாட்டை, ஒரு சுரமும் குறைக்காமல் தொழிலாளிக்குக் கொடுத்தார். இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படமாட்டேன்.

1936 சூலை 18. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடக்கிறது. மனிதர் யாவரும் உடன்பிறப்பாவர் என்னும் கருத்துடைய பாடலோடு முடியும் இசை அது. பாடற்குழு மேடையேற வேண்டிய நேரத்தில் ஒரு செய்தி வருகிறது: இராணுவம் கிளர்ந்தெழுந்துவிட்டது, நகருக்கு ஆபத்து, உடனே கலைந்து வீடு செல்லுங்கள். கசால்ஸ் செய்தியைக் குழுவினருக்கு வாசித்துக் காட்டி, இப்போதே பிரிவதா, முடித்துவிட்டுப் பிரிவதா என்று கேட்டார். முடித்துவிட்டே போவோம் என்றார்கள். கத்தலான் மொழியில் அப்பாடலைப் பாடி முடித்துவிட்டு, தடுப்புகள் எழத் தொடங்கியிருந்த தெருக்களின் வழியே வீடு திரும்பினார்கள். அமைதி வரும் நாளில் இதை மீண்டும் இங்கே வாசிப்போம் என்று அவர் சொன்னது நிறைவேறவே இல்லை.

உள்நாட்டுப் போர் மூன்றாண்டு நடந்தது. பிராங்கோவின் தளபதிகளில் ஒருவர், கசால்ஸ் அகப்பட்டால் முழங்கையோடு கைகளை வெட்டுவேன் என்று வானொலியில் பேசினார். அந்த ஆண்டுகளில்தான், 1936 முதல் 1939 வரை, லண்டனிலும் பாரிஸிலுமாகப் பாக்கின் ஆறு தொகுதிகளையும் இசைத்தட்டில் பதிந்தார். இன்று நாம் கேட்கும் அப்பதிவில் சிற்சில இடங்களில் வில் உரசும் ஓசைகூடக் கேட்கும். அதற்குப்பின் எத்தனையோ துல்லியமான பதிவுகள் வந்துவிட்டன. எனக்கு இந்தக் கரகரப்பே போதும்.

1939-இல் பார்சிலோனா வீழ்ந்தது. பிராங்கோவின் ஆட்சியில் கத்தலான் மொழி பள்ளியிலும் அரசு அலுவலிலும் இடமிழந்தது. மொழி பற்றிய செய்தி என்பதால் இங்கே அதற்கு விரிவுரை தேவையில்லை. கசால்ஸ் எல்லை கடந்து, பிரான்சில் பிரனே மலைத்தொடரின் அடியிலுள்ள பிராத் என்னும் சிற்றூரில் தங்கினார். அங்கும் மக்கள் பேசுவது கத்தலான். நம்மூரிலிருந்து பார்த்தால் குமுளி மலை தெரிவதுபோல, அங்கிருந்து பார்த்தால் கனிகோ மலை தெரியும். அந்த மலைத்தொடருக்கு அப்பால் அவர் நாடு. போக முடியாது.

அருகிலிருந்த முகாம்களில் அகதிகள் பல்லாயிரவர் பசியோடும் குளிரோடும் கிடந்தனர். கசால்ஸ் உலகெங்கும் கடிதம் எழுதிப் பணமும் துணியும் உணவும் திரட்டினார். நிதிக்காக வாசித்தார். செல்லோவைத் தொட்டதைவிடப் பேனாவைத் தொட்டதே மிகுதி என்னும்படி நாட்கள் கழிந்தன. ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபின், அதிகாரிகள் வீடுதேடி வந்து ஜெர்மனியில் வாசிக்க அழைத்தனர். தோள்பட்டையில் வாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம். 1945-இல் போர் முடிந்தது. கசால்ஸ் இங்கிலாந்து சென்று வாசித்தார். அரங்குகள் நிரம்பி வழிந்தன. இட்லரும் முசோலினியும் ஒழிந்தபின் பிராங்கோவையும் நேச நாடுகள் விட்டுவைக்கமாட்டா என்று நம்பினார். சில மாதங்களிலேயே நம்பிக்கை தகர்ந்தது. அப்போது அறுபத்தெட்டு வயதைத் தாண்டிய அந்தக் கலைஞர், ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தர முன்வந்த பட்டங்களை மறுத்தார். மீதமிருந்த நிகழ்ச்சிகளைக் கைவிட்டார். பிராங்கோவின் ஆட்சியை ஏற்கும் எந்த நாட்டிலும் வாசிப்பதில்லை என்று சொல்லி, பிராத் திரும்பி, வில்லைக் கீழே வைத்தார்.

அவருக்கு இருந்த ஒரே ஆயுதம் வாசிப்பு. அதை வாசிக்காமலிருப்பதன் மூலம் பயன்படுத்தினார். இதனால் என்ன நடந்தது? நேர்மையாகச் சொன்னால், அரசியலில் ஒன்றும் நடக்கவில்லை. 1953-இல் அமெரிக்கா பிராங்கோவோடு படைத்தள உடன்பாடு செய்துகொண்டது. 1955-இல் ஸ்பெயின் ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றது. பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில். கசால்ஸ் இறந்தது 1973 அக்டோபரில். இரண்டாண்டு முந்திக்கொண்டது மரணம். வெற்றி தோல்வியைக் கணக்கிடுகிறவர்களுக்கு இது தோல்விக் கணக்குத்தான்.

நண்பர்களே, இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இல்லையென்றால் நான் இந்த மனிதரைப் பற்றிப் பேசுவது போலியாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியின் செல்வர் ஒருவருடைய மணிவிழா மலருக்கு வாழ்த்துப்பா கேட்டார்கள். அந்த ஆண்டுதான் அவர் வயலில் நடவு செய்த பெண்கள் கூலிக்காக அவர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் தெருக்காரி. ஆயினும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு அறுசீர் விருத்தங்கள். வள்ளலே என்று விளித்திருந்தேன். சீர் பிசகவில்லை, எதுகை மோனை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பொன்னாடையும் போர்த்தினார்கள். மறுநாள் அந்தப் பெண் என்னைக் கண்டு, "பாட்டு நல்லா இருந்துச்சாமே ஐயா" என்றாள். கேலியா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கூலி கிடைத்திருக்குமா? கிடைத்திராது. வேறொருவர் எழுதிக் கொடுத்திருப்பார். இந்தச் சமாதானத்தைத்தான் நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். கசால்ஸின் வாழ்க்கையைப் படித்தபிறகு அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவரைக் கடவுளாக்கவும் நான் ஆயத்தமாயில்லை. அவருக்குப் புதுமை பிடிக்காது. தம் காலத்துப் புத்திசையைப் பெரிதும் ஒதுக்கினார். இங்குள்ள புதுக்கவிதை அன்பர்கள் அவரோடு ஒரு மாலைப்பொழுது இருந்திருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். தம் உறுதிக்கும் விலக்குகள் செய்துகொண்டார். 1958-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் வாசித்தார். அம்மன்றம் எந்த ஒரு நாட்டின் மண்ணும் அன்று என்று அதற்குக் காரணம் உண்டு. 1961 நவம்பர் 13-இல் கென்னடியின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகையில் வாசித்ததற்கு அந்தக் காரணமும் கிடையாது. கென்னடிமீது வைத்த நம்பிக்கையே காரணம். அது சறுக்கல் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலக்குச் செய்தபோதும் அதை ஒளித்துச் செய்யவில்லை.

அவருடைய மௌனத்துக்கு அரசுகள் அசையவில்லை. ஆனால் கலைஞர்கள் அசைந்தார்கள். 1950-இல் பாக் மறைந்து இருநூறாண்டு நிறைந்தது. வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர், நீங்கள் எங்களிடம் வரமாட்டீர்கள் என்றால் நாங்கள் உங்களிடம் வருகிறோம் என்னும் கருத்தில் ஒரு வழி கண்டார். உலகின் பெருங்கலைஞர்கள் பிராத் என்ற அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர்த் தேவாலயத்தில் கசால்ஸ் மீண்டும் வில்லெடுத்தார். நாலாண்டுக்கும் மேலான மௌனத்துக்குப்பின் அவர் அவைமுன் அமர்ந்தது அங்கேதான்.

இன்னொன்று. கசால்ஸோடு பல்லாண்டு மூவர் குழுவில் வாசித்த பியானோக் கலைஞர் கோர்த்தோ, போர்க்காலத்தில் ஜெர்மானியருக்கு இணங்கிய விஷி அரசில் பதவி வகித்தவர். போர் முடிந்ததும் அவர் பிராத் வந்து, தாம் செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டார். கசால்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1958-இல் இரு முதியவரும் பிராத் விழாவில் சேர்ந்து வாசித்தார்கள். வாழ்த்துப்பா எழுதியவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்குச் சற்று ஆறுதலானது.

பிற்காலத்தில் தாயின் பிறப்பிடமான புவெர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். நாள்தோறும் காலையில் பியானோவில் பாக்கை வாசித்த பின்னரே வேறு வேலை. 1971 அக்டோபர் 24-இல், தொண்ணூற்று நான்காம் வயதில், ஐக்கிய நாடுகள் அவையில் தாம் ஒரு கத்தலான் என்று சொல்லிவிட்டு, 'பறவைகளின் பாட்டு' என்ற தம் நாட்டார் மெட்டைச் செல்லோவில் வாசித்தார். நாட்டை இழந்தபின் தம் அரங்குகளை முடிக்க அவர் வழக்கமாக வாசித்துவந்தது அந்த மெட்டைத்தான். பாக்கும் பீத்தோவனும் கைவசமிருக்க, இறுதிவரை அவர் கையில் வைத்திருந்தது ஊர்ப்பாட்டு ஒன்று. தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுத்துவரும் நம் உறுப்பினர்களுக்கு இச்செய்தியைக் கொடுத்துவிடுகிறேன்.

1979-இல் அவர் உடலின் எச்சத்தை எல் வெந்திரெலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பிராங்கோ போய், கத்தலான் மொழி மீண்டும் தெருவில் ஒலித்த காலம் அது.

பேச்சை இத்துடன் நிறுத்துகிறேன். பதினைந்து நிமிடம் கேட்டு இருபத்தைந்து எடுத்துக்கொண்டேன்; தலைவர் பொறுத்தருள்க. 1936-இல் லண்டனில் பதிவான பாக்கின் இரண்டாம் தொகுதியின் முன்னிசையை நம் இளைய உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியில் கொண்டுவந்திருக்கிறார். சுமார் நான்கு நிமிடம். ஒலிபெருக்கிக்காரத் தம்பி அதை இணைத்துக் கொடுக்கட்டும். அதுவரை யாராவது அந்த மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். கீழ்ச்சுரங்களை அவை விழுங்கிவிடும்.